ஆப்பைத் தள்ளும் எண்ணெய்

1957-ல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், ராத்சே என்ற சிற்றூரில், வான்கோழி வளர்த்த பண்ணையாருக்கு ஒரு சிக்கல். கொட்டகை இரண்டு தளம். எரு அள்ள டிராக்டரை விட்டால் தூண்களுக்கு நடுவே திரும்ப இடமில்லை; மேல்தளம் அந்த எடையைத் தாங்கவும் தாங்காது. உள்ளூரில் பட்டறை வைத்திருந்த சிரில் கெல்லர், லூயிஸ் கெல்லர் சகோதரர்கள் மூன்று சக்கரத்தில் ஒரு குட்டி லோடரைச் செய்து கொடுத்தார்கள். அதைத் தயாரிக்கும் உரிமையைப் பெற்ற மெல்ரோ நிறுவனம் 1960-ல் நான்கு சக்கரம் பூட்டியது. 1962-ல் பாப்கேட் என்று பெயர் வைத்தது. ஒரு பக்கச் சக்கரங்களை முன்னோக்கியும் மறுபக்கச் சக்கரங்களைப் பின்னோக்கியும் சுழற்றி, நின்ற இடத்திலேயே வட்டமடிக்கும் ஸ்கிட் ஸ்டியர் லோடரின் பிறப்பு இதுதான்.

எரு அள்ளப் பிறந்த வண்டி இன்று விறகும் பிளக்கிறது.

மினசோட்டா போன்ற பனிப் பிரதேசங்களில் விறகடுப்பால் வீட்டைச் சூடேற்றுவோர் இன்னும் உண்டு. முழுக்கட்டையாகப் போட்டுவைத்தால் ஈரம் பட்டைக்குள்ளேயே தங்கிவிடும். பிளந்து அடுக்கினால்தான் அது 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கும். அவசரப்பட்டு ஈர விறகை எரித்தால் வெப்பத்தில் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும். புகைபோக்கியில் தாரும் படியும்.

மரத்தின் நார்கள் அடியிலிருந்து நுனிவரை நீளவாக்கில் ஓடுகின்றன. அவற்றை அறுப்பது கடினம்; ஒன்றைவிட்டு ஒன்றைப் பிரிப்பது எளிது. ஆப்பு சில சென்டிமீட்டர் இறங்கியதுமே வெடிப்பு அதற்கு முன்னால் ஓடத் தொடங்கிவிடும். நேரான ஆஷ் மரம் ‘டப்’பென்று இரண்டாகும். கிளை முளைத்த கணுவில் நார்கள் குறுக்கே ஓடுவதால் ஆப்பு அங்கே திணறும். நார்கள் பின்னிக் கிடக்கும் எல்ம் மரமோ பிளந்த பிறகும் விடாமல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

இந்தத் திணறலைச் சமாளிப்பது எண்ணெயின் அழுத்தம். லோடரின் கையிலுள்ள பக்கெட்டைக் கழற்றிவிட்டுப் பிளப்பானை மாட்டுகிறார்கள். கையின் ஓரத்தில் இருக்கும் இரண்டு கப்ளர்களைத் துணியால் துடைத்து ஹோஸ்களைச் செருகுகிறார்கள். துடைக்காமல் செருகினால் ஒட்டியிருக்கும் மண் நேராக எண்ணெய்க்குள் போய்விடும். ஒரு ஹோஸ் எண்ணெயைக் கொண்டுவருகிறது, மற்றது திருப்பி அனுப்புகிறது.

பிளப்பானில் ஆப்பைத் தள்ளும், உள்விட்டம் 10 சென்டிமீட்டர் உள்ள சிலிண்டருக்குள் 200 பார் அழுத்தத்தில் எண்ணெய் நுழைந்தால், ஆப்பின் பின்னால் சுமார் 16 டன் விசை நிற்கும். லோடரின் எஞ்சின் பெரியது என்பதால் விசை கூடும் என்று நினைப்பது தவறு. விசையைத் தீர்மானிப்பவை அழுத்தமும் பிஸ்டனின் பரப்பும் மட்டுமே. ஆறு குதிரைத்திறன் எஞ்சின் பூட்டிய சிறிய பிளப்பானும் அதே 16 டன்னைக் கொடுக்கும். ஆனால் அதன் இரட்டை நிலைப் பம்ப், கட்டை எதிர்த்து நின்றதும் எண்ணெய் ஓட்டத்தைப் பெரிதும் குறைத்துக்கொண்டுதான் அழுத்தத்தைக் கூட்டுகிறது. ஆப்பு ஊர்ந்து போகும். நிமிடத்துக்கு 75 லிட்டர் தரும் லோடரோ வேகம் தளராமல் 60 சென்டிமீட்டர் தூரத்தை நான்கு வினாடிக்குள் முடிக்கும். அந்த வேகத்துக்குத் தேவைப்படும் திறன் சுமார் 33 குதிரைத்திறன். பெரிய எஞ்சினால் கிடைக்கும் லாபம் இதுதான்.

சொந்தமாகப் பிளப்பான் செய்பவர்கள் கோட்டைவிடும் இடம் திரும்பும் பயணம். பிஸ்டனின் ஒரு பக்கத்தில் தண்டு இடத்தை அடைத்துக்கொள்கிறது. தண்டின் விட்டம் 5 சென்டிமீட்டர் என்றால், பின்வாங்கும்போது தண்டுப் பக்கம் 75 லிட்டர் நுழைய, மறுபக்கம் 100 லிட்டர் வெளியேறும். வால்வும் திரும்பும் ஹோஸும் அதற்கேற்ற அகலத்தில் இல்லாவிட்டால் எண்ணெய் நெருக்கியடித்துச் சூடாகும்.

கசிவு இதைவிட ஆபத்தானது. ஹோஸில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும் அறுவைச் சிகிச்சை வரை போகும். கசிவைத் தேட ஒருபோதும் கையால் தடவக் கூடாது. அட்டைத் துண்டைக் காட்டித்தான் பார்க்க வேண்டும்.

இருக்கையில் ஆள் இல்லாவிட்டாலோ முன்தடுப்பைத் தூக்கிவிட்டாலோ பல லோடர்களில் ஹைட்ராலிக் நின்றுவிடும். இறங்கி வந்து கட்டையை வைக்க விரும்பும் சிலர் இந்தப் பாதுகாப்பை ஏமாற்ற வழி தேடுகிறார்கள். மூன்று டன் வண்டி ஆளில்லாமல் நகர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் அந்த எண்ணமே வராது. இதற்கு நேர்மையான விடை தலைகீழ்ப் பிளப்பான். இரும்பு விட்டம் மேலே, ஆப்பு கீழே. தரையில் கிடக்கும் கட்டையை அப்படியே கவ்விப் பிளந்து போடும். ஓட்டுநர் இருக்கையை விட்டு எழவே வேண்டாம்.

60 சென்டிமீட்டர் விட்டமும் 45 சென்டிமீட்டர் நீளமும் உள்ள பச்சை ஆஷ் கட்டை ஏறக்குறைய 100 கிலோ. முதுகை ஒடிக்கும் அந்தத் தூக்கல் மிச்சமாவதை வேகத்தைவிடப் பெரிய ஆதாயமாகச் சொல்லலாம். மெலிந்த கட்டைகள் மட்டும் உள்ளவருக்குச் சிறிய பிளப்பானே போதும், டீசலும் மிச்சம். ஆனால் அமெரிக்காவில் இப்போது பெரிய ஆஷ் மரங்களும் சாய்கின்றன. 2002-ல் டெட்ராய்ட் அருகே கண்டறியப்பட்ட மரகத நிறத் துளைப்பான் வண்டு, கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றிருக்கிறது. விறகோடு பயணம் செய்து அது ஊர் ஊராகப் பரவுவதால், வெட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே விறகை எரித்துவிடச் சொல்கின்றன அங்குள்ள வனத்துறைகள். பட்ட மரத்தை விழுந்த இடத்திலேயே பிளந்து அடுக்க, அங்கேயே ஓட்டிப்போகக்கூடிய லோடர் தோதாக இருக்கிறது.