செம்மறியாடுகளுக்குக் குடற்புழு மருந்து: உடலில் எவ்வளவு நேரம் தங்குகிறது?

குடற்புழு மருந்து கொடுத்தும் ஆடுகள் மெலிந்து, தாடைக்கடியில் வீக்கம் காண்பதாக ஆடு வளர்ப்போர் பலர் கூறுவர். மருந்தே சரியில்லை என்று எண்ணுவதற்கு முன், அதைக் கொடுத்த முறையைக் கவனிக்க வேண்டும்.

அல்பெண்டசோல், பென்பெண்டசோல் ஆகியவை நீரில் எளிதில் கரையாதவை. இவை பெருவயிற்றில் தங்கி, தீவனத்தோடு சிறிது சிறிதாக நான்காம் இரைப்பைக்குச் சென்று இரத்தத்தில் சேர்கின்றன. அல்பெண்டசோலை ஈரல் முதலில் புழுவைக் கொல்லும் பொருளாகவும், பின்னர் பயனற்ற பொருளாகவும் மாற்றிவிடுகிறது. எனவே இம்மருந்துகள் எவ்வளவு நேரம் புழுவின் மேல் படுகின்றனவோ அவ்வளவு பலன் உண்டு.

வயிறு நிறைந்திருந்தால் மருந்து தீவனத்தோடு விரைவில் வெளியேறிவிடும். ஆகவே இரவு தீவனம் போடாமல் பட்டியில் அடைத்து, காலையில் மருந்து கொடுத்து, சில மணி நேரம் கழித்து மேய விடலாம். தண்ணீரை நிறுத்தக் கூடாது. சினை ஆடுகளையும் நலிந்த ஆடுகளையும் பட்டினி போடக் கூடாது. சினையான முதல் மாதத்தில் அல்பெண்டசோலைத் தவிர்க்க வேண்டும்.

மருந்தை நாவின் அடிப்பகுதியில் மெதுவாக விட வேண்டும். வாயின் முன்பகுதியில் ஊற்றினால், அது பெருவயிற்றில் தங்காமல் நேரே நான்காம் இரைப்பைக்குப் போய்விடக் கூடும். தலையை அதிகம் உயர்த்தினால் புரையேறும்.

லெவமிசோல் இவ்வாறன்று. விரைவில் இரத்தத்தில் கலந்து, பெரும்பகுதி ஒரே நாளில் சிறுநீர் வழியே கழிந்துவிடும். குளோசாண்டெல் இரத்தப் புரதத்துடன் ஒட்டிக்கொண்டு இரண்டு வாரத்திற்கு மேலும் தங்கி, இரத்தம் உறிஞ்சும் புழுக்களைக் கொல்லும். அளவு மிஞ்சினால் ஆட்டின் கண் பார்வையே போய்விடும்.

கண்மதிப்பாகக் கொடுக்காமல் எடை பார்த்துக் கொடுப்பதே நல்லது. அல்பெண்டசோல் கிலோ எடைக்கு 7.5 மில்லிகிராம் வீதம், 20 கிலோ ஆட்டுக்கு 150 மில்லிகிராம் வேண்டும். 2.5 சத மருந்தில் இது 6 மில்லி. குறைவாகக் கொடுத்தால் தப்பிய புழுக்கள் பெருகி, பின்னர் அம்மருந்துக்கு மசியா.

வெள்ளாட்டின் உடல் மருந்தை இன்னும் விரைவாகக் கழித்துவிடும். செம்மறிக்குரிய அளவு அதற்குப் போதாது. கால்நடை மருத்துவரைக் கேட்டே கொடுக்கவும். மருந்துச் சீட்டில் குறித்த நாட்கள் கழியும் வரை ஆட்டை இறைச்சிக்கு விற்கக் கூடாது.