மாட்டு மருந்து குதிரைக்கு ஆகுமா?

போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் என் மச்சான் ஒரு குதிரை வாங்கினார். ரெண்டு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ. மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி மருந்து பாட்டில், 1%. கூடவே, "மாப்ள, குதிரை வத்திக் கெடக்குது, வயித்துல பூச்சி போல. கடைக்காரர் இதையே போடலாம்ங்கறார். நீங்கதான் எதையாச்சும் படிச்சுட்டே இருப்பீங்களே, சொல்லுங்க."

"மருந்து ஒண்ணுதான், போடுங்க" என்று டைப் செய்துவிட்டேன். அனுப்புவதற்குள் ஏதோ உறுத்தியது. அழித்துவிட்டு அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். நல்லவேளை.

மருந்து ஒன்றுதான் என்பது உண்மை. ஜப்பானில் சதோஷி ஓமுரா சேகரித்த மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து வந்தது ஐவர்மெக்டின். அதைக் கால்நடை மருந்தாக்கிய வில்லியம் கேம்பலும் ஓமுராவும் 2015-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அளவும் ஒன்றுதான்: மாட்டுக்கும் குதிரைக்கும் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். அப்புறம் என்ன பிரச்சினை? மூன்று இருக்கிறது.

முதலாவது, உள்ளே போகும் வழி. 1980-களில் குதிரைக்கும் ஐவர்மெக்டின் ஊசி விற்பனையில் இருந்தது. ஊசி போட்ட இடத்தில் சில குதிரைகளுக்கு க்ளாஸ்ட்ரிடியம் கிருமியால் தசை அழுகும் அளவுக்குத் தொற்று வந்ததால் அதை நிறுத்திவிட்டார்கள். அதனால்தான் இன்றைக்குக் குதிரைக்கு வாய்வழிப் பேஸ்ட். மாட்டின் முதுகில் ஊற்றும் மருந்தும் மாட்டுத் தோலுக்காகச் செய்தது. குதிரை முதுகில் ஊற்றிப் பயனில்லை.

இரண்டாவது, கணக்கு. 300 கிலோ குதிரைக்கு 60 மில்லிகிராம் வேண்டும். 1% திரவம் என்றால் 6 மில்லி. ஆட்டுக்கு ஊற்றும் 0.08% மருந்து என்றால் 75 மில்லி. 1.87% குதிரைப் பேஸ்ட் என்றால் சுமார் 3.2 கிராம். பாட்டில் மாறினால் பன்னிரண்டு மடங்கு தப்பு! அளவு ரொம்ப மிஞ்சினால் கண்பாவை விரியும், நடை தள்ளாடும், குதிரை சோர்ந்து நிற்கும். குறைந்தால் எல்லாப் புழுவும் சாகாது. தப்பிப் பிழைத்தவை பெருகிப் பெருகி, கடைசியில் அந்த மருந்துக்கே அடங்காத புழுக்கள்தான் மிஞ்சும்.

எடைமேடை இல்லையென்றால் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து புட்ட முனை வரை நீளம், இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 11,880 = ஏறத்தாழ எடை, கிலோவில். மச்சான் கண்ணளவில் 220 என்றார். டேப் பிடித்தால் சுற்றளவு 160, நீளம் 140. போட்டுப் பாருங்கள், 300-ஐத் தாண்டும்!

மூன்றாவது, பாட்டிலில் கூட என்ன இருக்கிறது என்பது. மாட்டு மருந்துகள் பலவும் கலவை. நம்ம ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும் ஆக்ஸிக்ளோசனைடு - லெவமிசோல் கலவையை எடுத்துக்கொள்ளுங்கள். குதிரைக்கு லெவமிசோலில் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி கம்மி. முன்னால் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. பின்பக்கச் சிறிய எழுத்தையும் படிக்கணும்.

தனி ஃபென்பெண்டசோல் பாதுகாப்பானது. வழக்கமான அளவு கிலோவுக்கு 5 மில்லிகிராம். 10% திரவத்தில் 300 கிலோவுக்கு 15 மில்லி. ஆனால் குதிரையின் முக்கியப் புழுவான சிறு ஸ்ட்ராங்கைல் உலகின் பல பகுதிகளில் இதற்கு அடங்குவதில்லை. அதனால் மருந்துக்கு முன்னால் ஒரு தடவை, 14 நாள் கழித்து ஒரு தடவை லத்தியில் முட்டை எண்ணிக்கை பார்க்கணும். மருந்து வேலை செய்ததா என்பதற்கு இதுதான் சாட்சி. குட்டிக்கு மட்டும் கூடுதல் கவனம்: உருண்டைப் புழு நிறைய இருந்து எல்லாம் ஒரேயடியாகச் செத்தால் குடலே அடைத்துக்கொள்ளலாம்.

காலையில் மச்சானுக்கு அனுப்பியது ஒரே வரி: "ஊசி போட வேண்டாம், டாக்டரைக் கூப்பிடுங்க." கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். லத்தியில் முட்டை இருந்தது. வாய்வழியாகவே மருந்து கொடுத்தார். வாயைத் திறந்து பார்த்தவர் கடைவாய்ப் பல் ஓரங்கள் கூராகி, குதிரை சரியாக மெல்லாமல் இருந்ததையும் கண்டுபிடித்து ராவிவிட்டார். மெலிவுக்குப் பாதிக் காரணம் அது.

அந்தப் பாட்டில் மாட்டுத் தொழுவத்துக்குப் போய்விட்டது. நான் படித்ததெல்லாம் டாக்டரிடம் சரியான கேள்வி கேட்க உதவியது. குதிரையின் வாயைத் திறந்து பார்க்க அவர்தான் வேண்டியிருந்தது.