தங்கத்துக்கு 3, ரீசார்ஜுக்கு 18: தெரியுமா?

திசையன்விளை பஜாரில் நின்று யாரிடமாவது, "அண்ணாச்சி, வரி கட்டுதீயளா?" என்று கேட்டுப் பாருங்கள். பனையேறி சிரிப்பார். முருங்கைக்காய் மூட்டையை இறக்கிவிட்டு வரும் சம்சாரியும் சிரிப்பார். விவசாய வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரியே கிடையாதே!

ஆனால் அந்தப் பனையேறி 299 ரூபாய்க்கு செல்போன் ரீசார்ஜ் செய்தால் அதில் வரி எவ்வளவு தெரியுமா? 18 சதவீத ஜிஎஸ்டி, அதாவது 45 ரூபாய் 61 காசு! மாதம் 2 லட்சம் சம்பாதிக்கும் டாக்டர் அதே ரீசார்ஜ் செய்தால்? அதே 45 ரூபாய் 61 காசுதான்! பனையேறியின் மாத வருமானம் 12,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஆயிரத்துக்கு 3 ரூபாய் 80 காசு போகிறது. டாக்டருக்கு ஆயிரத்துக்கு வெறும் 23 காசு. மறைமுக வரியின் சூட்சுமம் முழுக்க இந்தக் கணக்கில் இருக்கிறது.

நேர்முக வரி அப்படியில்லை. 2025 பட்ஜெட்டின் புதிய முறைப்படி ஆண்டுக்கு 12 லட்சம் வரை வருமான வரி பூஜ்யம். நம் டாக்டரின் 24 லட்சத்துக்கோ, செஸ்ஸோடு சேர்த்து 3,12,000 ரூபாய்! (இதுவே பரவாயில்லை. 1973-74ல் உச்ச விகிதம் 97.75 சதவீதம். நூறு ரூபாய் கூடுதலாகச் சம்பாதித்தால் கையில் மிஞ்சுவது இரண்டேகால் ரூபாய்!)

மறுபடி மறைமுக வரிக்கு வருவோம். கருப்பட்டிக்கு வரி உண்டா? ஓலைக்கொட்டானில் சில்லறையாக வாங்கினால் இல்லை. அதையே பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டினால் 5 சதவீதம்! 2022 ஜூலை 18 முதல் இப்படி. அன்றைக்கு அரிசிக்கும் இதே விதி வந்தது, 25 கிலோ வரையிலான பைகளுக்கு மட்டும். உடனே கடைகளில் 26 கிலோ மூட்டை முளைத்தது! மொத்தமாக 26 கிலோ வாங்க வசதி உள்ளவருக்கு வரி இல்லை; 5 கிலோ பாக்கெட் வாங்குகிறவருக்கு உண்டு.

பனை ஏறும் ஏணிக்கே வரி இருந்தது தெரியுமா? கி.பி. 849ல் வேணாட்டு மன்னர் அய்யனடிகள் கொல்லத்தில் வழங்கிய தரிசாப்பள்ளிச் செப்பேடு, மரமேறும் ஈழவர்களிடம் தலைக்காணமும் (தலைவரி) ஏணிக்காணமும் (ஏணி வரி) வாங்கக் கூடாது என்கிறது. விலக்குக் கொடுத்தார்கள் என்றால் மற்ற இடத்தில் வாங்கினார்கள் என்றுதானே பொருள்!

அப்புறம் வரி பனையிலிருந்து இறங்கிப் பலசரக்குக் கடைக்குப் போன கதை. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கள், சாராய வருமானம் போனது. அந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் 1939ம் ஆண்டின் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம். இந்தியாவிலேயே முதல் பொது விற்பனை வரி, நம் மாகாணத்தில்! குடிக்கிறவர் கொடுத்ததைக் குடிக்காதவரும் கொடுக்க ஆரம்பித்தார்.

நேர்முக வரியிலும் ஒரு வேடிக்கை. தொழில் வரி ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 276வது பிரிவே வேலி போட்டிருக்கிறது. 1988 திருத்தத்தில் வைத்த வரம்பு. மாதம் ஒரு லட்சம் வாங்குகிறவருக்கும் ஒரு கோடி வாங்குகிறவருக்கும் அதே வரம்புதான்!

தலைப்புக்கு வருவோம். நகைக்கடையில் தங்கத்துக்கு ஜிஎஸ்டி 3 சதவீதம். வைரத்துக்கு இன்னும் குறைவு: பட்டை தீட்டியதற்கு ஒன்றரை சதவீதம். பனையேறியின் ரீசார்ஜுக்கு 18! அடுத்த முறை கடையில் பில் தந்தால் கசக்கிப் போடாதீர்கள். கீழே சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டு வரிகள் இருக்கும். இரண்டையும் கூட்டிப் பாருங்கள்.