கமராவை மாற்றுமுன் வெளிச்சத்தைப் பாருங்கள்

எங்கள் சபையின் மூத்த பாடகர் ஒருவர் கடந்த குளிர்காலத்தில் காலமானார். அடக்க ஆராதனைத் தாளின் முகப்பில் போட ஒரு படம் தரமுடியுமா என்று அவருடைய பிள்ளைகள் எங்களிடம் கேட்டார்கள். வாலிபர் சங்கத்தின் படக்குழுவாகிய நாங்கள் மூன்று வருடங்களாக அவரைப் படம் எடுத்து வந்தவர்கள். "நிறைய இருக்குது, இரவுக்கே அனுப்புறம்" என்று சொல்லிவிட்டுக் கணினியைத் திறந்தோம்.

நாற்பதுக்கு மேற்பட்ட படங்கள் இருந்தன. சிலவற்றில் முகம் அசைந்து கலங்கியிருந்தது. சிலவற்றில் பின்னாலிருந்த யன்னல் பளிச்சென்று தெரிய, முகம் கறுத்துப் போயிருந்தது. இன்னும் சிலவற்றில் அவருக்கு முன்னாலிருந்த ஒலிவாங்கிதான் தெளிவாக விழுந்திருந்தது. கடைசியில், தேநீர்க் கோப்பையோடு அவர் மண்டபத்து யன்னலருகே நின்ற ஒரே ஒரு படம் உதவியது. அதை எடுத்தது எங்கள் விலையுயர்ந்த கமரா அல்ல, ஒரு தங்கச்சியின் கைத்தொலைபேசி.

அன்றைக்கு வெட்கப்பட்டுக் கற்றுக்கொண்டவற்றை, எங்களுக்குப் பின்னால் வரும் தம்பி தங்கச்சிமாருக்காக இங்கே எழுதுகிறோம்.

முதலில் வெளிச்சம்

அந்தப் படம் நன்றாக வந்ததற்குக் காரணம் யன்னல். பக்கவாட்டிலிருந்து வரும் மென்மையான பகல் வெளிச்சம் முகத்துக்கு மிகவும் நல்லது. ஒருவர் யன்னலுக்கு முதுகு காட்டி நின்றால், கமரா வெளி வெளிச்சத்தை அளந்து முகத்தை இருட்டாக்கிவிடும். "அங்கிள், கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கோ" என்று கேட்டாலே பாதி வேலை முடிந்தது.

கமரா தான் பார்ப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமாக எண்ணி அளக்கிறது. அதனால்தான் பனி மூடிய வாகனத் தரிப்பிடத்தில் எடுத்த படத்தில் பனி அழுக்காகத் தெரிகிறது. வெள்ளை அங்கி அணிந்த பாடகர் குழுவை எடுக்கும்போது, நமது மாநிற முகங்கள் கறுத்துப்போவதும் இதனால்தான். இப்படியான இடங்களில் வெளிச்ச அளவை +1 வரை கூட்டிப் பாருங்கள்.

மண்டபத்துக்குள்

கலங்கிய படங்களுக்குக் காரணம் எங்கள் கை நடுக்கம் என்று நினைத்திருந்தோம். பெரும்பாலும் அது ஷட்டர் வேகத்தின் குறை. அமைதியாக நிற்பவருக்கு 1/125 வினாடி போதும். பாடுபவருக்கு 1/250, ஓடித்திரியும் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்கு 1/500 வேண்டும். ஐஎஸ்ஓவை 3200, தேவைப்பட்டால் 6400 வரை உயர்த்தப் பயப்படவேண்டாம். புள்ளி புள்ளியாக வந்த படத்தை மென்பொருளில் ஓரளவு சுத்தப்படுத்தலாம். அசைந்துபோன முகத்தை மீட்க முடியாது.

கனடாவின் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ் என்பதால் பழைய குழல் விளக்குகள் வினாடிக்கு 120 தடவை மினுங்கும். அவற்றின் கீழ் வேகம் கூடினால் படத்துக்குப் படம் நிறம் மாறலாம். அங்கே 1/125ஐத் தாண்டாமலிருப்பது நல்லது. சத்தமில்லாத ஷட்டர் பாவித்தால் படத்தில் கோடுகள் விழக்கூடும். ஆராதனைக்கு முன்பே ஒரு படம் எடுத்துச் சரிபாருங்கள்.

குவியம் எப்போதும் கண்ணில் இருக்கட்டும். கண்ணைத் தேடும் வசதி உங்கள் கமராவில் இல்லாவிட்டால், ஒற்றைப் புள்ளியைத் தெரிந்து கண்மேல் வையுங்கள்.

எதை வாங்குவது?

நாங்கள் செய்த பிழை, காசு முழுவதையும் கமராவில் போட்டுவிட்டு அதனோடு வந்த லென்ஸையே வைத்திருந்ததுதான். அந்த லென்ஸைக் கிட்ட இழுத்தால் அதன் துவாரம் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஒன்பது மடங்குக்கும் மேலான வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. பெரும்பாலான நிறுவனங்களின் பட்டியலில் விலை குறைந்த லென்ஸ்களில் இதுவும் ஒன்று. சிறிய சென்சர் உள்ள கமராவென்றால், நெருக்கமான அறைகளுக்கு 35 மி.மீ. வசதி. ஆனால் இரண்டு மூன்று வரிசையாகக் குடும்பப் படம் எடுக்கும்போது எஃப் 5.6க்கு வாருங்கள். இல்லாவிட்டால் பின்வரிசை மாமாமார் மங்கிப்போவார்கள்.

பாவித்த கமரா வாங்குவதில் தவறில்லை. ஷட்டர் எத்தனை தடவை இயங்கியது என்று கேளுங்கள். லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, உள்ளே பூஞ்சணம் இருக்கிறதா என்று பாருங்கள்.

குளிரில் பற்றரி விரைவில் இறங்கும். மேலதிகமாக ஒன்றை உள்சட்டைப் பையில் வையுங்கள். வெளியிலிருந்து வீட்டுக்குள் வருமுன் கமராவை இறுக்கி மூடிய பிளாஸ்ரிக் பைக்குள் போடுங்கள். ஈரம் பையின்மேல் படியும், லென்ஸில் படியாது.

மரியாதையும் பாதுகாப்பும்

ஜெபவேளையிலும் திருவிருந்திலும் நாங்கள் கமராவைக் கீழே வைத்துவிடுகிறோம். ஆராதனைக்குள் பிளாஷ் இல்லை. பிள்ளைகளின் படத்தை இணையத்தில் போடுமுன் பெற்றோரைக் கேட்கிறோம்.

ஒவ்வொரு படமும் இரண்டு இடங்களில் இருக்கட்டும், அதில் ஒன்று வேறு வீட்டில். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். கோப்பாக அனுப்புங்கள்.

எங்கள் குடும்பங்களில் பலருடைய அல்பங்கள் ஊரிலேயே, இடப்பெயர்வுகளில் போய்விட்டன. அம்மம்மாவின் இளவயதுப் படம் ஒன்றுகூட இல்லாத வீடுகள் எங்களுக்குத் தெரியும். மிஞ்சிய படங்களை யன்னலருகே மேசையில் வைத்து, பிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து பிரதி எடுத்து வையுங்கள்.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு, தேநீர் வேளையில், மண்டபத்து யன்னலருகே ஒரு கதிரை போட்டிருக்கிறோம். மூத்தவர்கள் ஒருவர் ஒருவராக வந்து அமர்கிறார்கள். அடுத்த ஞாயிறு நாலுக்கு ஆறு அங்குலப் படமாக அச்சிட்டு அவர்கள் கையில் கொடுக்கிறோம். உங்கள் அப்பம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கமரா இல்லையே என்று யோசிக்கவேண்டாம். கைத்தொலைபேசியின் லென்ஸைத் துடைத்துவிட்டு வாருங்கள், அது போதும்.