ஊர் நேரமும் கணினி நேரமும்

நேரம் என்பது மக்கள் கூடி ஏற்றுக்கொண்ட ஓர் உடன்பாடே என்பதை இலங்கையர் நன்கறிவர். 1996 மே 25இல், மின்சாரத் தட்டுப்பாட்டின் காரணமாக, நம் நாட்டுக் கடிகாரங்கள் ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தப்பட்டன. அவ்வாண்டு ஒக்டோபர் 26இல் அவை அரை மணித்தியாலம் பின்னே வந்தன. 2006 ஏப்ரில் 15இல் எஞ்சிய அரை மணித்தியாலமும் நீங்க, உலகப் பொதுநேரத்திலும் ஐந்தரை மணித்தியாலம் முந்திய பழைய நேரமே மீண்டது.

இம்மாற்றங்களால் கணினி வலையமைப்பு கடத்தும் நேரம் ஒரு செக்கனும் மாறவில்லை என்பது பலர்க்கு வியப்பளிக்கும். டேவிட் மில்ஸ் என்னும் அறிஞர் வகுத்து 1985இல் வெளியிட்ட வலையமைப்பு நேர நெறிமுறை, உலகப் பொதுநேரத்தை மட்டுமே கொண்டுசெல்லும். அதனை ஊர் நேரமாக்குவது கணினியிலுள்ள நேரவலய அட்டவணையின் கடமையாகும். ஆகவே, அரை மணிக் கணக்கிற் பிழை தோன்றின் அட்டவணையை ஆராய்க; செக்கன் கணக்கிற் பிழை தோன்றின் கடிகாரத்தையே ஆராய்க.

இக்காலத்தில் ஒரே பெருங்கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகள் குடியிருக்கின்றன. அவை செயலியை முறைவைத்துப் பகிர்வன. தன் முறைக்குக் காத்திருக்கும் மெய்நிகர் கணினிக்கு, கடிகாரத் துடிப்புகள் பிந்திக் கிடைக்கலாம். சில கிடையாமலும் போகலாம். இடைநிறுத்தி மீண்டும் எழுப்பினாலோ, உறங்கி விழித்தவன்போல அது பழைய நேரத்தையே கூறக்கூடும். இன்றைய மென்பொருள்கள் இக்குறையைப் பெரிதும் தணித்துள்ளன. எனினும் முற்றாக ஒழிக்கவில்லை.

இதற்குப் பரிகாரம் யாது? முதலாவது, நேரம் வழங்கும் பணியை இயன்றவரை மெய்யான கணினிகளிடமே ஒப்படைத்தல். இரண்டாவது, அவை குறைந்தது நான்கு மூலங்களை நாடுதல். இரண்டு மூலங்கள் முரண்பட்டால் எது பொய்யெனத் தெளிய இயலாது. நான்கிருப்பின் ஒன்று மறைந்தாலும் மூன்றன் பெரும்பான்மை எஞ்சும். மூன்றாவது, மெய்நிகர் கணினியின் நேரத்தைத் திருத்தும் உரிமையை, தாங்கும் கணினிக்கோ நேர நெறிமுறைக்கோ, ஒன்றற்கே அளித்தல். இரு மாலுமிகள் ஒரு சுக்கானைத் திருப்பலாகாது.

இது வெறும் நுணுக்கமன்று. வெள்ளவத்தைக் கிளையில் ஒருவர் இட்ட பணம், கொட்டாஞ்சேனைக் கிளையில் எடுத்த பணத்துக்கு முந்தியதா, பிந்தியதா என்று வழக்கு எழுந்தால், சான்று பகர்வது கணினிப் பதிவில் உள்ள நேரமே. அது பிழைத்தால் நேர்மையாளனும் பொய்யனாவான். கணினித் துறை புகும் நம் இளைஞர் இதனை மறவாதிருப்பாராக.