விளக்கு எரிகிறது, பொத்தான் மட்டும் வேலை செய்யவில்லையா?

புத்தாக்கப் போட்டிக்கு ராஸ்பெர்ரி பை கருவியுடன் தயாராகும் கிள்ளான் பள்ளத்தாக்கு மாணவர்களின் கவனத்திற்கு: இயங்குதளத்தைப் புதுப்பித்த பின் விளக்கு எரிந்து, பொத்தான் மட்டும் செயல்படாவிட்டால் ஒயரை மாற்றிப் பயனில்லை.

2024 மார்ச்சில் இந்த இயங்குதளத்தில் சேர்ந்த லினக்ஸ் 6.6-இல், முனைகளின் உள் எண்கள் 512-இலிருந்து தொடங்குகின்றன. ராஸ்பெர்ரி பை 4-இல் 17ஆம் முனை இப்போது 529. பொத்தான் அழுத்தப்படுவதை உணர, ஆர்பிஐ.ஜிபிஐஓ என்ற பழைய நிரல் தொகுப்பு இன்னும் 17-ஐயே தேடுகிறது. விளக்கை அது சில்லு வழியே நேரடியாக இயக்குவதால் சிக்கலில்லை. ராஸ்பெர்ரி பை 5-இல் சில்லே வேறு. அங்கு இத்தொகுப்பு அறவே இயங்காது.

பழையதை நீக்கிவிட்டு ஆர்பிஐ-எல்ஜிபிஐஓ தொகுப்பை நிறுவுங்கள். பெரும்பாலும் உங்கள் நிரலை மாற்ற வேண்டியிருக்காது. புதுப்பிக்கும் முன் மெமரி கார்டை நகலெடுத்து வையுங்கள். போட்டி நெருங்கும் வாரத்தில் புதுப்பிக்கவே வேண்டாம்.