ஊர்ப்பெயரும் ஆட்பெயரும்

மதுரைக்கு வடமேற்கே வைகைக் கரையில் அமைந்துள்ள சோழவந்தானில் 1868-இல் பிறந்து 1915-இல் மறைந்த அரசஞ்சண்முகனாரைத் தமிழுலகம் 'சோழவந்தான் அரசஞ்சண்முகனார்' என்றே குறிக்கிறது. மதுரைத் தமிழ்ச்சங்கத்தின் செந்தமிழ்க் கல்லூரியில் ஆசிரியராயிருந்த அவருக்கு இவ்வடை பொருந்தும். சோழவந்தானுக்குள்ளோ அது எவரையும் வேறு பிரித்துக் காட்டாது. ஓர் ஊரை விட்டு வந்தவனுக்கே அவ்வூரின் பெயர் அடையாளமாகிறது.

சங்கப் புலவருள் ஒக்கூர் மாசாத்தியார், ஆலங்குடி வங்கனார், கோவூர் கிழார் ஆகியோர் இவ்வாறே பெயர் பெற்றனர். திருமறையிலும் மகதலேனா மரியாள், சிரேனே ஊரானாகிய சீமோன், அரிமத்தியா ஊரானாகிய யோசேப்பு ஆகியோரைக் காண்கிறோம்.

இங்கிலாந்திலும் தொடக்கம் இதுவே. ஆயின் 1066-இல் நார்மானியர் அந்நாட்டை வென்றபின், நிலக்கிழார் குடும்பங்களில் ஊர்ப்பெயர் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும் குடும்பப்பெயராக நிலைபெறலாயிற்று. பின்வந்த நூற்றாண்டுகளில் பொதுமக்களிடையேயும் பரவிற்று. பசுமலையில் 1881-இல் தொடங்கப்பெற்ற கல்லூரியின் முதல்வராயிருந்த அமெரிக்க அருட்பணியாளர் ஜார்ஜ் வாஷ்பர்னின் பெயரை எண்ணுக. கிளஸ்டர்ஷயர்ப் பகுதியில் வாஷ்போர்ன் என்னும் சிற்றூர்கள் உள்ளன. 'பர்ன்' என்னும் ஈறு ஓடையைக் குறிக்கும். ஆங்கில நாட்டு ஓடைக்கரையின் பெயர் கடல் கடந்து அமெரிக்கா சென்று, பின்னர் பசுமலைக்கும் வந்தது. ஊர் மறைந்து குலமே எஞ்சிற்று.

தமிழ் வழக்கில் ஊர்ப்பெயர் அவ்வாறு குலப்பெயராக இறுகிவிடவில்லை. ஆனால் ஒற்றையெழுத்தாகக் குறுகிற்று. பேரன் அவ்வெழுத்தின் விரிவை அறியான். பலர் அதனையும் விட்டுவிட்டுத் தந்தையின் பெயரெழுத்தை மட்டுமே கொள்கின்றனர்.

இது சபைக்கு எவ்வாற்றானும் தொடர்பற்றதன்று. ஆட்பெயரின் ஈற்றில் நிற்கும் சாதிப்பெயர் மனிதரைப் பிரிக்கிறது. முன்னிற்கும் ஊர்ப்பெயரோ ஓரூரார் அனைவர்க்கும் பொது. 'ஊர்' வேறு, 'சேரி' வேறு என்று வகுத்த நம் சமுதாயத்தில், சேரியிற் பிறந்தவனும் சோழவந்தானான் என்று எழுதப்படுவது அவனது உரிமையை நிலைநாட்டுவதாகும். ஆகவே ஞானஸ்நானப் பதிவேட்டில் ஊர்ப்பெயரை முழுமையாக எழுதுதல் ஆயரின் சிறு கடமையன்று.

நாசரேத்தூரிலிருந்து நன்மை வருமோ என்று நாத்தான்வேல் ஐயுற்றான். இகழப்பட்ட அவ்வூரின் பெயரை நம் ஆண்டவர் களைந்துவிடவில்லை. சிலுவையின்மேல் எழுதப்பட்ட விலாசத்திலும் அது நின்றது.